காரை எடுக்கப் பஸ்ஸில் போனவர்

வணக்கம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. சென்னை தாம்பரத்தில் இருபது வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிற ஒருவன் இப்படிச் சொன்னால் சொந்தக்காரர்கள் பாவமாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் "லோன் கிடைக்கலையா?" என்றே கேட்டுவிட்டார். கிடைக்கும், வேண்டாம் என்று இருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் மின்சார ரயிலில் 10 ரூபாய்தான். 1931-இலேயே மின்சார வண்டி ஓட ஆரம்பித்த தடம் இது. பல்லாவரம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலை தண்டவாளத்தை ஒட்டியே வரும், ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் குரோம்பேட்டையில் கார்கள் நகராமல் நிற்பது தெரியும், உள்ளே ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிற பம்பரையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்த நேரத்தில் பேப்பர் படித்து முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருப்பேன். உட்கார இடம் கிடைத்தால்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். காலை எட்டரை மணிக்குக் கிண்டியில் இறங்குவது தனி வித்தை.

மாம்பலத்தில் இறங்கினால் கடைகள் நிறைந்த ரங்கநாதன் தெரு வாசலிலேயே நிற்கிறோம். 2023-இல் அங்கிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதையும் வந்துவிட்டது. தீபாவளி சமயத்தில் காரில் வருபவர்கள் வண்டியை விட இடம் தேடியே பாதி நாளைத் தொலைக்கிறார்கள்.

அப்புறம் என் மனைவி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம், அன்றிலிருந்து அக்கா வீட்டுக்குப் போக அவர் யாரையும் "கொண்டுபோய் விடுறீங்களா" என்று கேட்பதில்லை. அவரே கிளம்பிவிடுகிறார்.

சிரமமே இல்லையா என்றால், உண்டு. நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது தெருமுனை ஆட்டோக்காரரைத்தான் எழுப்பினேன். அவர் முகம் சுளிக்காமல் வந்தார்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் ஏற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2015, 2023 வெள்ளத்தைப் பார்த்தவர்களின் பயம், அதைக் கேலி செய்ய மாட்டேன். என் நண்பரும் அங்கேதான் விட்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கண்ணாடியை யாராவது உடைத்துவிடுவார்களோ, போலீஸ் அபராதம் போடுமோ என்று எனக்கு நாலு முறை போன் செய்தார். பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை. காரை எடுத்து வரப் பஸ்ஸில்தான் போனார்.