ஆறில்லாத மாநகரம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் மழைக்காட்டுக்குள் இருக்கும் திக்கால் என்னும், பழங்கால மாயா மக்களின் நகரத்துக்குச் செல்வோர், மரங்களுக்கு மேலே தலைநீட்டும் கோயில்களை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். நான் உங்களைக் காலடித் தரையைப் பார்க்கச் சொல்கிறேன்.

அவ்வூரில் ஆறு கிடையாது. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறையாதலால், பெய்யும் மழை வெடிப்புகளின் வழியே எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மழைக்காலம் ஓய்ந்தால் மாதக்கணக்கில் வறட்சிதான். அங்கே பல்லாயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தத் தரைதான். கோயில் முற்றங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, நம் கொத்தனார்கள் மொட்டைமாடிக்கு வாட்டம் கொடுப்பதைப் போலவே வாட்டம் கொடுத்து, விழுந்த மழையைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். அரண்மனைக் குளத்தின் கரை சுமார் 80 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் கொண்டது. அதில் ஏறத்தாழ ஏழரைக் கோடி லிட்டர் நீர் நின்றது.

ஆனால் வாட்டம் தண்ணீரை மட்டுமா கொண்டுவரும்? அரண்மனைக் குளத்தின் வண்டலை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, அதில் பாதரசமும் நச்சுப்பாசியின் தடயங்களும் இருந்ததைக் காட்டியது. சுவர்களுக்குச் சிவப்பேற்றிய சாதிலிங்கம் என்னும் பாதரசக் கனிமம் மழையில் அடித்துவரப்பட்டுக் குளத்தில் சேர்ந்தது. மனிதக் கழிவும் சமையற்கழிவும் பாசிக்கு உரமாயின. பாசி விட்ட நஞ்சு, நீரைக் கொதிக்க வைத்தாலும் போகாதது. மன்னர் வீட்டார் குடித்திருக்கக்கூடிய தண்ணீரின் நிலை இது. இந்நகரில் தேதி பொறித்த கடைசிக் கல் நடப்பட்டது கி.பி. 869-இல், வறட்சியோடு இந்த நஞ்சும் சேர்ந்தே ஊரைக் காலிசெய்யத் தூண்டியிருக்கும் என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

மையத்தைவிட்டுத் தள்ளியிருந்த கொரியெந்தால் குளத்தின் நீரோ நன்றாக இருந்தது. அங்கே ஆய்வாளர்களுக்கு, நீரை வடிகட்டப் போட்டதாகக் கருதப்படும், படிகக்கல்லும் சியோலைட்டும் கலந்த மணல் கிடைத்தது. நுண்துளைகள் நிறைந்த சியோலைட், கிருமிகளையும் உலோகங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும் கனிமம். இன்றைய வடிகட்டிகளிலும் பயன்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்த மணல் அவ்விடத்தைச் சேர்ந்ததன்று. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மாயர்களிடம் வண்டியும் இல்லை, சுமை இழுக்கும் விலங்கும் இல்லை. அத்தனை மணலும் மனித முதுகில்தான் காட்டைக் கடந்து வந்தது.