கிரந்தி என்று ஒரு சொல்

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் அடுப்படியில் ஒரு காதும் வானொலியில் ஒரு காதுமாக நிற்கிற அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் தனியாக ஒரு வணக்கம். நான் 31 வருடம் கொழும்பில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த நீளமான பெயரைச் சொல்லி ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கொட்டாஞ்சேனையிலும் சரி, வெள்ளவத்தையிலும் சரி, "மிட்வைஃப் மிஸ்", அவசரம் என்றால் வெறும் "மிஸ்".

ஆறு மாதம் முடிந்து பிள்ளைக்குச் சாப்பாடு தொடங்கும்போது வருகிற ஒவ்வாமை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம். நான் கதைக்கத் தொடங்கினால் பத்து நிமிடம் எந்த மூலைக்குப் போதும் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லுவார். பார்ப்போம்.

ஒவ்வாமை என்பது கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற சொல். வீட்டில் நாங்கள் சொல்வது கிரந்தி. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, அன்னாசி கிரந்தி. பிள்ளையின் கன்னத்தில் இரண்டு பரு வந்தாலும் கிரந்தி, சத்தி எடுத்தாலும் கிரந்தி, வயிற்றால் போனாலும் கிரந்தி. அந்தச் சொல்லில் எனக்குக் கோபமில்லை, என் அம்மாவும் அதைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். ஆனால் வெவ்வேறு மூன்று நான்கு சங்கதிகளை ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். பிறகு பிள்ளையின் கோப்பையிலிருந்து இன்றைக்கு மீன், நாளைக்கு முட்டை, அடுத்த கிழமை பால் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? ஒன்று, உண்மையான ஒவ்வாமை. உடம்பின் காவல்காரன் ஆளை மாற்றி நினைத்து, முட்டையைக் கள்ளன் என்று அடிக்கிறான். கொஞ்சம் பட்டாலே போதும், அடி பலமாக விழும். இரண்டாவது, செரிக்க முடியாமை. இதில் காவல்காரனுக்கு வேலையில்லை, குடலுக்குத்தான் அந்தச் சாமானைக் கையாளத் தெரியவில்லை. வயிறு ஊதும், வயிற்றோட்டம் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. மூன்றாவது, சாப்பாடே பழுது. நாலாவதாக ஒன்றும் உண்டு. தக்காளி, அன்னாசி, தோடம்பழம் போன்ற புளிப்புச் சாறு வாயைச் சுற்றி வழிந்து, பட்ட இடம் மட்டும் சிவப்பது. துடைத்துவிட்டால் சற்று நேரத்தில் போய்விடும்.

அந்த மூன்றாவதைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மாடி வீடு. எட்டு மாதப் பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பன் தெருவோரத்தில் கெலவல்லா மீன் துண்டு வாங்கி வந்திருக்கிறார். அம்மம்மா முள் பார்த்து, சோற்றோடு மசித்துத் தீத்தியிருக்கிறார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளையின் முகமும் கழுத்தும் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்து போயிற்று. அழுகையோ நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள், டொக்டர் பார்த்து மருந்து கொடுத்தார், பின்னேரம் பிள்ளை சிரித்து விளையாடினான். அடுத்த கிளினிக் நாளில் தாய் என்னிடம் வந்து, "மிஸ், இவனுக்கு மீன் கிரந்தி போல" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் "மீன் கொடுக்க வேண்டாம்" என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

நான்கு வருடம் போனது. அதே தாய் இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது, கூடவே அம்மம்மாவும் வந்து உட்கார்ந்து பழங்கதை தொடங்கினார். "அண்டைக்கு எனக்கும் தலை வெடிச்சது மிஸ், முகமெல்லாம் எரிஞ்சது, பிரஷர் எண்டு நினைச்சுப் படுத்திட்டன்." தகப்பன் பக்கத்தில் நின்றவர், "எனக்கும்தானே மாமி, நான் வெயில் எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்குக் கையில் இருந்த கோப்பி ஆறிவிட்டது போல... இல்லை, தேத்தண்ணி, தேத்தண்ணி ஆறிவிட்டது. ஒரே மீன், மூன்று பேர், மூன்று பேருக்கும் முகம் சிவப்பு. அது ஒவ்வாமையாக இருக்குமா? கெலவல்லா, பலயா, சூரை போன்ற மீன்களை ஐசில் வைக்காமல் சூட்டில் கிடக்க விட்டால், கிருமிகள் அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஒவ்வாமை வரும்போது எங்கள் உடம்பு வெளிவிடுகிற அதே பொருள்தான். அதனால்தான் பார்வைக்கு அச்சொட்டாக ஒவ்வாமை மாதிரியே இருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பிள்ளையின் உடம்பில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் மீன் கிடந்த வெயிலில்.

இந்த நான்கு வருடத்தில் அந்தப் பையன், யார் எதை நீட்டினாலும் "எனக்கு மீன் கிரந்தி" என்று தானே சொல்லப் பழகியிருந்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டொக்டர்மார் பக்கத்தில் இருக்கச் சிறிது சிறிதாக மீன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கோடு போட்ட பக்கம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே மூன்று கேள்வி. எழுதி வையுங்கள், பேனா இல்லாவிட்டால் மனதில் வையுங்கள். இதே சாப்பாட்டை வேறு யார் சாப்பிட்டார்கள்? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரத்தில் என்ன தெரிந்தது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போகும்போது இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தடிப்பு டொக்டரிடம் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடும், அது அதன் பழக்கம்.

சரி, பாலுக்கு வருவோம். பிள்ளைக்கு நாலு நாள் வயிற்றோட்டம். ஓட்டம் நின்ற பிறகும் பால் குடித்தால் தண்ணீராகப் போகிறது, பின்பக்கம் புண்ணாகிறது. உடனே "பால் அலர்ஜி" என்கிறார்கள். எங்கள் குடலின் உட்பக்கம் நல்ல மொத்தத் துவாய் மாதிரி, நூல் நூலாக நிற்கும். பாலில் உள்ள சீனியான லக்டோஸைச் செரிக்க வைக்கிற சாமான் அந்த நூல்களின் நுனியில்தான் இருக்கிறது. வயிற்றோட்டம் நுனிகளை அரித்துவிடுகிறது. திரும்ப முளைக்கச் சில கிழமைகள் பிடிக்கும், முளைத்ததும் சரியாகிவிடும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலில் லக்டோஸ் பசுப்பாலை விட அதிகம், பிள்ளைகள் காலங்காலமாக அதைக் குடித்துத்தானே வளர்கிறார்கள்.

பசுப்பால் ஒவ்வாமை வேறு சங்கதி. அது பாலின் புரதத்தோடு வருகிற சண்டை. தடிப்பு, சத்தி, சில பிள்ளைகளுக்கு மலத்தில் இரத்தம். அங்கே ஆட்டுப்பாலுக்கு மாறுவதில் பிரயோசனமில்லை, இரண்டு புரதமும் அண்ணன் தம்பி மாதிரி. எருமைத் தயிரும் அப்படித்தான். எந்தப் பால்மா என்பதை டொக்டர் சொல்லட்டும், கடைக்காரர் சொல்ல வேண்டாம்.

இப்போது கச்சான், அதாவது நிலக்கடலை. நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் "முட்டை பிந்தட்டும், கச்சான் இன்னும் பிந்தட்டும்" என்றுதான் சொன்னேன். நான் மட்டுமா? 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமே ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டை இரண்டு வயதில், கச்சானும் மீனும் மூன்று வயதில் என்று சொன்னது. 2008 இல் அந்தப் பேச்சைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு லண்டனில் இருந்த ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். இங்கிலாந்தில் வாழும் யூதப் பிள்ளைகளுக்குக் கச்சான் ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளை விடப் பத்து மடங்கு. இஸ்ரேலில் பல் முளைக்கிற வயதிலேயே கச்சானில் செய்த பொரி ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுக்கிற வழக்கம். பிறகு கடும் கரப்பான் என்கிற தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஐந்து வயது வரை பார்த்தார்கள். 2015 இல் முடிவு வந்தது. கச்சானைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு சுமார் 17 பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் சுமார் 3 பேருக்குத்தான். பிந்திக் கொடுத்தால் பாதுகாப்பு என்று நாங்கள் சொன்னது தலைகீழாகப் போயிற்று.

காலிமுகத்திடலில் கச்சான் சரை வாங்கிப் பிள்ளையின் வாயில் போடச் சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்! முழுக் கச்சானும் முழுக் கஜுவும் ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். வறுத்து, மாவாக அரைத்து, வாழைப்பழத்திலோ சோற்றிலோ தண்ணியாகக் குழைத்துக் கொடுப்பது. கடும் கரப்பான் உள்ள பிள்ளை என்றால் முதலில் டொக்டரைக் கேட்டுவிட்டு.

முட்டையும் அப்படியே, நன்றாக அவித்து. "மஞ்சட்கரு மட்டும் கொடுத்தேன் மிஸ், ஒன்றும் செய்யவில்லை" என்பார்கள். ஒவ்வாமையைக் கிளப்புகிற புரதங்களில் பெரும்பகுதி வெள்ளைக்கருவில். வெள்ளையைக் கொடுத்த பிறகுதான் முட்டை கொடுத்ததாகக் கணக்கு.

புதுச் சாப்பாட்டைக் காலையில் கொடுங்கள். இரவு கொடுத்துவிட்டு நித்திரையாகினால் யார் பார்ப்பது? முதல் நாள் ஒரு நுனிக்கரண்டி, பிறகு கூட்டி, இரண்டு மூன்று நாள் அதையே. கோவிலில் சோறு தீத்துகிற அன்றைக்கே மாமி ஒரு வாய், சித்தி ஒரு வாய், பாயசம், பழம், மோதகம் என்று ஆளுக்கொன்று ஊட்டினால், நாளைக்கு எது குற்றவாளி என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இன்னொன்று, தேத்தண்ணியில் நனைத்த மாரி பிஸ்கட். "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்கிற வீட்டில்கூட அது நடந்திருக்கும். அதில் கோதுமையும் பாலும் உண்டு. திரிபோஷா சத்துமாவில் சோளம் மட்டுமில்லை, சோயாவும் பால்மாவும் உண்டு. பைக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். ஐயோ, முக்கியமானது மிச்சமாகி நிற்கிறது.

வேகமாகச் சொல்கிறேன். சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உதடு வீக்கத்தோடு இருமல், இழுப்பு, குரல் அடைப்பு, அல்லது பிள்ளை வெளிறித் துவண்டுபோவது, இதில் ஒன்று வந்தாலும் அரிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தி நடக்க வேண்டாம், கிடத்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் மடியில் சாய்த்து வைத்திருங்கள். அங்கே தேவைப்படுவது தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணித்தியாலம் கழித்து, தடிப்பே இல்லாமல் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்து வெளிறுகிற ஒரு வகையும் உண்டு, அது அரிசிக்கும் வரலாம். சோறு யாருக்கும் ஒன்றும் செய்யாது என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

முட்டை ஒவ்வாத பிள்ளைக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி போடலாம், கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பள்ளிக்குச் சொல்வது பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. தம்பி இப்போது ஒரு விரலையும் மடக்கிவிட்டார். இலக்கம் 1990. வணக்கம்.