இந்திர லால் ராய்: 14 நாள், 10 விமானம்

வணக்கம் மக்களே. முதல் உலகப் போர் சமயம், 1918 ஜூலை 6-லேர்ந்து 19 வரைக்கும் பிரான்ஸ் வானத்துல 10 ஜெர்மன் விமானத்த வீழ்த்தினதா ஒரு பிரிட்டிஷ் படை பைலட் பேர்ல கணக்கு. அந்த பைலட் கல்கத்தாவுல பொறந்த 19 வயசுப் பையன் இந்திர லால் ராய்.

அந்தப் பத்தை முதல்ல பிரிச்சுப் பாத்துடுவோம். 5 தான் ‘அழிஞ்சது’. மீதி 5 ‘கட்டுப்பாடு இழந்து கீழ போச்சு’ன்னு பதிவு. பிரிட்டிஷ்காரங்க ரெண்டையும் வெற்றியாத்தான் எண்ணுவாங்க. ஆனா வேணும்னே சுழன்டு விழுற மாதிரி போக்குக் காட்டி, கீழ போய் நிமிர்த்திட்டுத் தப்பிக்கிறது அப்ப எல்லா பைலட்டுக்கும் தெரிஞ்ச வித்தை. அதனால பத்தும் நொறுங்கிப் போச்சுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. இந்தப் பத்துல ரெண்டு, கூட்டாளிகளோட சேர்ந்து வீழ்த்தினது வேற. அப்படிக் கழிச்சுப் பாத்தாலும், ஜூலை 8 அன்னிக்கு மட்டும் நாலு மணி நேரத்துல மூணு! சும்மா இல்ல.

ஓட்டினது எஸ்.இ.5ஏ-ங்கிற ஒத்தை ஆள் பிரிட்டிஷ் சண்டை விமானம். ரெண்டு மெஷின் கன். விக்கர்ஸ்ங்கிற கன் விமானத்தோட மூக்குல இருக்கு, சுத்துற புரொப்பெல்லர் இலைகளுக்கு நடுவுல சுடணும். எப்ப சுடணும்னு அதுக்குச் சொல்றது எண்ணெய் அழுத்தம். பைலட் கைப்பம்ப் அடிச்சு அந்த அழுத்தத்த ஏத்தி வெச்சுக்கணும். அழுத்தம் இறங்கிட்டா கன் மக்கர் பண்ணும்.

ரெண்டாவது, லூயிஸ் கன், மேல் றெக்கைக்கு மேல. புரொப்பெல்லரத் தாண்டிச் சுடுறதால இந்த வம்பெல்லாம் இல்ல. ஆனா தட்டு மாதிரி டிரம்ல 97 ரவுண்டுதான். விசைய விடாம அமுக்கினா பத்துப் பதினோரு செகண்ட்ல காலி. மாத்தணும்னா விமானத்த ஓட்டுற ஸ்டிக்க முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கணும், கொக்கிய விடுவிச்சு வளைஞ்ச தண்டவாளத்துல கன்னைக் கீழ இழுக்கணும், காலி டிரம்மைக் கழட்டி புதுசை மாட்டி, திரும்ப மேல தள்ளணும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல அடிக்கிற காத்து அந்தத் தட்டைக் கையிலேர்ந்து பிடுங்கப் பாக்கும். சண்டைக்கு நடுவுல இதைச் செஞ்சா பின்னாடி வர்றவனுக்கு லட்டு.

இத்தனைக்கும் 1917 டிசம்பர் 6-ல 56-வது ஸ்குவாட்ரன்ல (விமானப் படைப்பிரிவு) இருந்தப்ப இதே வகை விமானத்தத்தான் மோதி நொறுக்கியிருந்தார். பறக்கத் தகுதியில்லன்னே ஒதுக்கிட்டாங்க. 1918 ஜூன்ல 40-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தப்ப அவரோட குழுத் தலைவர் (ஃப்ளைட் கமாண்டர்) ஜார்ஜ் மெக்எல்ராய், அயர்லாந்துக்காரர், பெரிய ஏஸ், அதாவது நிறைய எதிரி விமானத்த வீழ்த்தின பைலட்.

ஜூலை 22, கார்வின் ஊருக்கு மேல ஃபோக்கர் டி.7-ங்கிற ஜெர்மன் விமானங்களோட சண்டை. ராய் விமானம் விழுந்துச்சு, அவரும் இறந்துட்டார்; பிரிட்டிஷ் பைலட்டுகளுக்குப் பாராசூட்டே கொடுக்காத காலம். விமானப் படை வீரத்துக்கான டி.எஃப்.சி. பதக்கத்த அவருக்கு செப்டம்பர்லதான் அறிவிச்சாங்க. மெக்எல்ராயும் ஜூலை 31-ல போயிட்டார்.