ஒரே எலுமிச்சம்பழம், முப்பது பலகை

வணக்கம் நேயர்களே. சின்ன அளவில் எண்ணெய் வண்ணப் படம் வரைகிறவன் நான். ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை, அவ்வளவுதான். தினம் ஒன்று, ஒரே அமர்வில் முடிக்கணும், முப்பது நாள் விடாமல் என்று ஓவியர்கள் சவால் வைத்துக்கொள்வதுண்டு. அமெரிக்க ஓவியர் டுவேன் கீசர் 2004 டிசம்பரில் அஞ்சலட்டை அளவில் தினம் ஒரு படம் வரைந்து இணையத்தில் போட ஆரம்பித்தார், அதைப் பார்த்துப் பலரும் இறங்கினார்கள். நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன், முதல் முறை செய்தது வீண்.

அப்போது தினமும் ஒரு புதுப் பொருளைத் தேடினேன். இன்று பூ, நாளை செருப்பு, மறுநாள் ஜன்னல். கடைசியில் முப்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பொருள்தான் மாறியிருக்கிறது, நிழல் எல்லாவற்றிலும் ஒரே சேறு. எதை வரைவது என்று யோசிப்பதிலேயே பாதிப் பொழுது போனால், நேற்றைய தப்பை எங்கே திருத்துவது?

இரண்டாவது முறை ஒரே எலுமிச்சம்பழம் (வாடினால் இன்னொன்று, அது ஏமாற்று இல்லை), ஒரே மேசை, ஒரே பக்கத்து வெளிச்சம், ஒரு மணி நேரத்துக்கு டைமர். முதல் நாள் மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தேன், பழம் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகிவிட்டது. மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சைப் பக்கம் சாயும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் கொஞ்சம் ஊதா, அதற்கடுத்த நாள் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, நான்காம் நாள்தான் நிழல் பழத்தோடு ஒட்டி உட்கார்ந்தது.

அப்புறம் ஈரம். எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதில் வண்ணப்பொடியோடு குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது, அதற்கு நாட்கணக்காகும். அதனால் ஒரு மணி நேரப் படத்தில் கடைசிவரை எல்லாமே ஈரம், தீட்டிய இடத்திலேயே தீட்டத் தீட்ட அடியில் கிடப்பது மேலே வந்து கலந்து நிறம் செத்துப்போகும். முதல் பத்து நிமிடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து இருட்டு எது, வெளிச்சம் எது என்று மட்டும் பெரிய பிரஷ்ஷால் மெல்லிசாகப் பிரித்துவிடுங்கள். தடிமனான வெளிச்சம் கடைசியில், ஒரு முறை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடணும். ஒவ்வொரு தீட்டலுக்கும் நடுவே பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டன் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார், காகிதத்தில் எண்ணெய் வண்ணம். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்று எப்படி அடித்தது என்றெல்லாம் குறித்திருக்கிறார். அதைப் பார்த்து நானும் பலகையின் பின்னால் எழுதுகிறேன், அன்றைய தப்பு ஒன்றே ஒன்று. மறுநாள் வேலை அதைச் சரிசெய்வது மட்டும்தான், மற்றது எக்கேடு கெட்டாலும் சரி.

நடுவில் இரண்டு நாள் விட்டுப்போச்சு, ஈடுகட்ட ஒரே நாளில் மூன்று வரைந்தேன், மூன்றும் குப்பை.

முப்பதாவது படம் பிரமாதமாக வந்தது என்று சொல்ல ஆசைதான், வரவில்லை. பத்தொன்பதாவதுதான் நல்ல படம். முப்பதாவதை ஈரம் காய்வதற்குள் கத்தியால் சுரண்டியெடுத்துவிட்டு, பின்னால் 'ஓரமெல்லாம் கத்தரித்த மாதிரி' என்று எழுதிவைத்தேன். அடுத்த சுற்று ஓரத்துக்குத்தான். பழம் வாங்கியாயிற்று.