கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு யார் போகலாம், பாஸ்போர்ட் வேணுமா?

வணக்கம். தொண்டியிலேருந்து ஒரு அக்கா மூணு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்காங்க. "நாங்க இந்துக் குடும்பம், கச்சத்தீவு திருவிழாவுக்கு வரலாமா? பாஸ்போர்ட் எடுக்கணுமா? அதை சமாதானத் திருவிழான்னு சொல்றீங்க, ஆனா வருஷம் பூரா அதே கடல்ல நம்ம ஆளுகளைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்களே, அப்புறம் என்ன சமாதானம்?"

முதல் ரெண்டும் சீக்கிரம் முடியுற பதில்தாங்க்கா. தாராளமா வரலாம். அந்தோணியார் கடல்தொழில் பார்க்கிறவங்களுக்குக் காவல்னு நம்புறது கிறிஸ்தவங்க மட்டும் இல்ல. நம்ம கரையில எல்லா மதத்து மீனவக் குடும்பங்களும் நேர்ச்சை வச்சுப் போறாங்க. அந்தக் கோயிலை இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல கட்டினவரே உங்க ஊருக்குப் பக்கத்துல நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சிதான். இப்ப இருக்கிற பெரிய கோயில் இலங்கைக் கடற்படை கட்டிக் கொடுத்து, 2016 டிசம்பர்ல திறந்தது.

பாஸ்போர்ட், விசா ரெண்டும் வேணாம். 1974 ஒப்பந்தத்துல அந்தத் தீவு இலங்கைக்குப் போச்சு. ஆனா அதே ஒப்பந்தத்தோட அஞ்சாவது பிரிவுல, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்ன மாதிரியே வந்து போகலாம், அதுக்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காதுன்னு எழுதியிருக்கு. இந்தத் திருவிழா நிக்கிறது இந்த ஒரு வரியிலதான். அதுக்காக ஆதாரை மட்டும் பையில போட்டுக்கிட்டு நேரா ஜெட்டிக்கு வந்துறாதீங்க. அங்கதான் நிறையப் பேர் ஏமாந்து திரும்புறாங்க.

முறை இதுதான். இலங்கையில இருக்கிற நெடுந்தீவுப் பங்குக் கோயில்லேருந்து அழைப்பு வரும். ராமேஸ்வரத்துல வேர்க்கோடு சூசையப்பர் கோயில் வழியா விண்ணப்பம் கொடுப்பாங்க. அதை நிரப்பி, ஆதார் நகல், போட்டோ, படகுக் கட்டணத்தோட கொடுக்கணும். கட்டணம் வருஷத்துக்கு வருஷம் டீசல் விலையைப் பொறுத்து மாறும். அந்தப் பட்டியல் போலீஸ், சுங்கத்துறைன்னு பல மேஜைக்குப் போய் வரணும். அதனாலதான் விழாவுக்குப் பல வாரம் முன்னாடியே பதிவை முடிச்சிருவாங்க. கடைசி வாரத்துல யாரைப் பிடிச்சாலும் பேர் ஏறாது. அரசு வேலையில இருக்கிறவங்க அலுவலகத்துல தடையில்லாச் சான்று வாங்கி வச்சுக்கணும். இன்னொண்ணு, விண்ணப்பத்துல எழுதுற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கட்டும். வீட்டுல "முனியம்மா", ஆதார்ல "முனியம்மாள்"னு இருந்தாக்கூட ஜெட்டியில நிக்க வச்சு விசாரிப்பாங்க, பின்னாடி இருக்கிற வரிசை பூரா தேங்கிப் போகும்.

தேதியை எப்படிக் கணக்குப் பண்றதுன்னும் சொல்லிர்றேன். அந்தோணியார் நாள் ஜூன் 13 தான், ஆனா கச்சத்தீவு விழா, ஈஸ்டருக்கு முன்னாடி கிறிஸ்தவங்க நோன்பு இருக்கிற தவக்காலத்துல வரும். தவக்காலம் தொடங்குற நாளான சாம்பல் புதன் கழிஞ்சு ஒன்பதாவது நாள் வெள்ளிக்கிழமை கொடியேத்தம், மறுநாள் சனிக்கிழமை முடிவு. 2023ல மார்ச் 3, 4. 2024ல பிப்ரவரி 23, 24. 2025ல மார்ச் 14, 15. மூணும் இந்தக் கணக்குக்குச் சரியா வரும். ஆனாலும் அறிவிப்பு வந்த பிறகு ரயில் டிக்கெட் போடுங்க.

வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள ராமேஸ்வரம் மீன்பிடி ஜெட்டியில இருக்கணும். விசைப்படகுல வலையை எல்லாம் இறக்கிட்டு, ஒரு படகுக்கு முப்பது, முப்பத்தஞ்சு பேர் ஏத்துவாங்க. நாட்டுப்படகும் போகும். பட்டியல்ல உங்க பேர் எந்தப் படகுல இருக்கோ அதுலதான் போகணும், அதுலதான் திரும்பணும். சொந்தக்காரங்க வேற படகுல இருக்காங்கன்னு தீவுல வச்சு மாறி ஏறிட்டா, ரெண்டு படகுலயும் தலைக்கணக்கு தப்பும். ஆள் சரியாகாம படகை விடமாட்டாங்க.

உக்கார்ற இடம் முக்கியம். அந்த மாசத்துல வாடைக்காத்து மிச்சம் இருக்கும், படகும் வடகிழக்கு நோக்கித்தான் போகுது. அலை நேரா அணியத்துல, அதாவது படகோட முன்முனையில வந்து அடிக்கும். முன்னாடி உக்கார்ந்தா தூக்கிப் போடும், மேல தண்ணியும் தெறிக்கும். ரொம்பப் பின்னாடி போனா எஞ்சின் புகை. வீல் ஹவுஸ் பக்கத்துல நடுவாந்தரமா உக்காருங்க, கண்ணைத் தூரத்துல வைங்க. வெறும் வயித்தோட ஏறாதீங்க, ரெண்டு இட்லி போதும். வாந்தி வர்ற உடம்புன்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையைப் படகு ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், தலை சுத்த ஆரம்பிச்ச பிறகு போட்டா வாந்தியிலயே போயிரும். ஆதாரைத் தண்ணி புகாத உறையில வைங்க.

தீவுல ஊர் கிடையாது. 285 ஏக்கர் மணலும் முள்ளுமா இருக்கிற இடம், குடிக்கத் தண்ணி இல்ல. கடற்படை தண்ணியும் கழிப்பறையும் ஏற்பாடு பண்ணுவாங்க, ஆனா ஆயிரக்கணக்குல ஜனம் கூடுற இடம். தலைக்கு நாலு லிட்டர் தண்ணி கொண்டு போங்க. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, பொடி தடவின இட்லி சரி. தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும். ராத்திரி மணல்லதான் படுக்கணும், பனி இறங்கும், ஒரு போர்வையும் டார்ச்சும் வேணும். மதுபானம், பீடி சிகரெட், விக்கிறதுக்கான சரக்கு எதையும் எடுக்காதீங்க. ஒருத்தர் பையில மாட்டினா மொத்தப் படகும் காத்துக் கிடக்கணும்.

சாயங்காலம் கொடியேத்தம், சிலுவைப்பாதை, பூசை, ராத்திரி தேர்பவனி. காலையில செபமாலையும் திருவிழாப் பூசையும். தமிழ்ல ஒரு வாசகம், சிங்களத்துல ஒரு பாட்டுன்னு மாறி மாறி வரும். பூசை முடிஞ்சு கொடி இறங்கினதும் படகுக்குக் கூப்பிட்டிருவாங்க, அப்ப கடைகிட்ட நிக்காதீங்க.

இப்ப மூணாவது கேள்விக்கு வர்றேன். அக்கா கேட்டதுல நியாயம் இருக்கு. திருவிழா நடந்ததால கடல்ல பிரச்சினை தீரல. 1976ல ரெண்டு அரசும் கடிதம் மாத்திக்கிட்டு, ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன் பிடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. வந்து சாமி கும்பிடலாம், வலை போட முடியாதுன்னு ஆயிருச்சு. பாக் நீரிணை ஆழம் குறைஞ்ச கடல். நம்ம விசைப்படகு இழுக்கிற இழுவைமடி வலை கடல் அடியை அரிச்சுக்கிட்டுப் போகும்போது, அங்க யாழ்ப்பாணத்து மீனவர் கடன் வாங்கிப் போட்ட செவுள் வலை அறுந்து போகுது. அவரும் தமிழர்தான், போர்ல எல்லாத்தையும் இழந்துட்டு 2009க்குப் பிறகு திரும்பக் கடல்ல இறங்கினவர். இலங்கை 2017ல இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை பண்ணுச்சு. இந்தப் பக்கம் படகு பறிபோனா ஒரு குடும்பமே கடன்ல முங்கிருது. ரெண்டு பக்கமும் வலி உண்மை.

இந்த ரெண்டு ஆளும் போலீஸ், கோர்ட்டு இல்லாம நேருக்கு நேர் மணல்ல உக்கார்ந்து பேசுற இடம் வருஷத்துல இது ஒண்ணுதான். "உங்க வலை எந்தப் பக்கம் அறுந்துச்சு, எத்தனை பாகம் போச்சு"ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது இங்கதான் நடக்கும். சமாதானம்னு நாங்க சொல்றது இதைத்தான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்கள மீனவர்களும் பக்கத்துலயே படுத்திருப்பாங்க. போர்க்காலத்துல இதுவும் இல்லாமத்தான் இருந்துச்சு, 2010ல திரும்பத் தொடங்குச்சு.

அதே நேரம் இது மீனவர் மனசு வச்சாத்தான் நடக்கும். 2024ல படகு ஓட்டுநர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டிச்சு ராமேஸ்வரத்துல படகு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. பதிவு பண்ணின யாரும் போகல. அந்தோணியார் மேல உள்ள பக்தி குறைஞ்சு போய் எடுத்த முடிவு இல்லங்க அது. சிறையில இருக்கிறவங்க வெளிய வராம நாங்க எப்படித் தேர் இழுக்கிறதுன்னு கேட்டாங்க. அதனால அக்கா, பதிவு பண்ணிட்டாலும் கடைசி வாரத்துல மீனவர் சங்கங்கள் என்ன முடிவு எடுக்கிறாங்கன்னு வேர்க்கோடு கோயில்ல ஒரு தடவை கேட்டுக்கிட்டு அப்புறம் தொண்டியிலேருந்து பஸ் ஏறுங்க.