சென் கிளேயர் வளைவில் ஓய்ந்த எஞ்சின்

வணக்கம் மக்களே! வழக்கமாகப் பிளேன்டீயோடு தொடங்குவேன். இன்று நேராக விஷயத்துக்கு வருகிறேன், அவ்வளவு கோபம்.

நேற்று தலவாக்கலைப் பக்கம், சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். முன்னால் ஏழு பேர் போகக்கூடிய பெரிய டீசல் ஜீப். டிரைவர் அண்ணன், பின்னால் ஒருவர், அவ்வளவுதான். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்வெட்டர் போட்டும் எனக்கு நடுக்கம், அவர்களுக்கு ஏசி! நான் பார்க்கவே இருபத்தைந்து நிமிடம் ஓடியது.

ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. போன வீடியோவில் இதைச் சொன்னதும், "டீசலே ஒரு கிலோ இல்லையே, எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள். காற்றில் இருக்கும் ஒட்சிசனும் சேர்வதால்தான் அந்த எடை.

நம்ம மலையில் எடைதான் எல்லாம். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். என் குட்டிக் கார் ஆல்டோ முக்கால் தொன்கூட வராது. அந்த மாதிரி ஜீப் இரண்டு தொன்னுக்கு மேல். அத்தனையையும் மேலே தூக்குவது எரிபொருள்தான். இறங்கும்போது பிரேக்கும் டயரும் தேய்ந்து தூளாகக் கொட்டும். மின்சார ஜீப் என்றாலும் டயர்த் தூள் போகாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இனி வாங்கப்போகிறவர்களே, தயவுசெய்து யோசியுங்கள். 2023இல் உலகத்தில் விற்ற கார்களில் 48 சதவீதம் இந்த ஜீப் மாதிரியான எஸ்யூவி வகை என்கிறது சர்வதேச எரிசக்தி முகவரகம். தோட்டத்து ரோட்டில் நோயாளியை ஏற்றி வரும் ஜீப்பை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அது தேவை. தார் ரோட்டில் இரண்டு பேருக்கு எதற்கு?

சரி, கடைசியில் போய்க் கேட்டேவிட்டேன். "அண்ணே, எஞ்சினைக் கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?"

"சரி தம்பி" என்று உடனே நிறுத்திவிட்டார்! அதன் பிறகுதான் அருவிச் சத்தம் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். கேட்கப் போவதற்கு முன், ரோட்டோரத் தேயிலைச் செடியில் ஒரு முற்றல் இலையை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தேன். பஸ், லொறிப் புகையும் அதில் சேர்ந்திருக்கும், எல்லாப் பழியையும் ஜீப் மேல் போடவில்லை. கைக்குட்டையை இன்னும் துவைக்கவில்லை. கேமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், இந்த மூலையைப் பாருங்கள்.