எச்ஐவி சிகிச்சையில் மருத்துவர் சங்கங்களின் பங்கு

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மருத்துவத் துறைத் தோழர்களே, கிள்ளானிலிருந்தும் செந்தூலிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டில் உலகில் எச்ஐவியோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 8 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் 3 கோடியே 16 இலட்சம் பேர் மருந்து எடுத்து வந்தார்கள் என்றும் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு கணித்துள்ளது. இந்த நிலையை எட்ட உழைத்தவர்கள் என்று ஆய்வாளர்களையும் அரசுகளையும் நினைவுகூர்கிறோம். நோயாளிகள் நடத்திய போராட்டங்களையும் ஓரளவு அறிவோம். மருத்துவர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட சங்கங்களைப் பற்றித்தான் பொதுமேடைகளில் பேச்சே எழுவதில்லை.

அச்சங்கங்களின் அன்றாட வேலை சிகிச்சை நெறிகளை எழுதுவதும் திருத்துவதும் ஆகும். 1996இல் மூன்று மருந்துகளை ஒருசேரக் கொடுக்கும் முறை பரவியபோது, எதை எப்போது தொடங்குவது, ஒன்று பலனளிக்காமற்போனால் எதற்கு மாறுவது என்ற கேள்விகளுக்கு ஒரு மருத்துவர் தனியாக ஆய்விதழ்களைப் புரட்டி விடை காண இயலவில்லை. 1995இல் தோன்றிய பிரிட்டிஷ் எச்ஐவி சங்கம் 1997இல் தன் சிகிச்சை நெறிகளை வெளியிட்டது. 1998இல் உருவான தென்னாப்பிரிக்கப் பகுதி எச்ஐவி மருத்துவர்கள் சங்கம் தன் வட்டாரத்துக்கு ஏற்ற நெறிகளை வகுத்தது. நம் நாட்டில் மலேசிய எச்ஐவி மருத்துவச் சங்கம் அப்பணியைச் செய்து வருகிறது. பெரிய மருத்துவமனையின் வல்லுநர் அறிந்தது சிற்றூர் மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்வது இந்த நெறிகளின் வழியாகத்தான்.

2013இல், எச்ஐவி துறையில் பணியாற்றுவோரின் உலகளாவிய சங்கமான அனைத்துலக எய்ட்ஸ் கழகத்தின் அறிவியல் மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. எச்ஐவி தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 350க்கு இறங்கும்வரை காத்திராமல், 500ஆகக் குறைந்த நிலையிலேயே மருந்தைத் தொடங்கலாம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நெறி அம்மாநாட்டையொட்டி இங்குதான் வெளியிடப்பட்டது. 2015இல் அந்த எல்லையும் நீங்கி, எண்ணிக்கை எதுவாயினும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்றானது.

ஆயினும் நெறி எழுதுவதைவிட நான் உயர்வாக மதிப்பது, இச்சங்கங்கள் அதிகாரத்தின் முன் காட்டிய உறுதியை. எச்ஐவி உள்ளவர்கள் நாட்டுக்குள் நுழைய அமெரிக்கா தடை விதித்திருந்த காலத்தில், 1992இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நடக்கவிருந்த அனைத்துலக எய்ட்ஸ் மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. நோயாளிகள் வர முடியாத நாட்டில் நோயைப் பற்றி விவாதிக்க மாட்டோம் என்னும் நிலைப்பாடு அது. 2010இல் அத்தடை நீங்கிய பிறகே, 2012இல் அம்மாநாடு மீண்டும் அமெரிக்க மண்ணில், வாஷிங்டனில் நடந்தது. 2000இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த அதே மாநாட்டையொட்டி, எய்ட்ஸ் நோய்க்கு எச்ஐவியே காரணம் என்று உறுதிபடக் கூறும் பிரகடனத்தில் 5,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் அறிவியலாளர்களும் கையொப்பமிட்டார்கள். தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி அவ்வுண்மையை வெளிப்படையாக ஐயுற்ற நேரம் அது. மருந்து வழங்கத் தாமதித்ததால் அந்நாட்டில் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

மலேசியாவிலும் அத்தகைய உறுதி தேவைப்பட்டது. இங்கு நெடுங்காலம் நோய் பெரிதும் பரவியது போதைப்பொருள் ஊசிகளின் வழியாக. 2005இல், போதைப்பொருளுக்கு மாற்றாக மருத்துவக் கண்காணிப்பில் தரப்படும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையும் அடுத்த ஆண்டில் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கியபோது, இது போதைப்பழக்கத்துக்குத் துணைபோவதாகும் என்ற குரல்கள் வலுவாக எழுந்தன. மருத்துவர்கள் சான்றுகளை எடுத்துவைத்து வாதாடினார்கள். அவர்களுள் முன்னின்ற பேராசிரியர் அடீபா கமாருல்சாமான் 2020இல் அனைத்துலக எய்ட்ஸ் கழகத்தின் தலைவரானார். அப்பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவரே. 2018இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிபிலிஸ் என்னும் பால்வினை நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றை, மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக மலேசியா பெற்றது.

இச்சங்கங்களால் செய்ய இயலாததும் உண்டு. மாத்திரைகளை வாங்கிக் கொடுக்க அவற்றிடம் பணமில்லை. 2025 சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க கிளினிக்குகள் பல தடுமாறின. சங்கங்கள் எதிர்த்துப் பேசின, ஆனால் அந்த இடைவெளியை அவற்றால் நிரப்ப இயலவில்லை. மருந்து நிறுவனங்களின் நிதியில் மாநாடு நடத்தும் சங்கங்கள், யாரிடமிருந்து என்ன பெற்றோம் என்பதை உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒளிவுமறைவின்றிச் சொல்லக் கடமைப்பட்டவை என்றும் நான் கருதுகிறேன்.

நமக்குள்ளேயே தீர்க்க வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியாக நோய் பரவாது. இது பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்ட உண்மை. யாருடைய இரத்தத்தைக் கையாளும்போதும் ஒரே பாதுகாப்பு முறையைப் பின்பற்ற வேண்டும் என்பது தாதியர் பயிற்சியின் முதல் பாடங்களுள் ஒன்று. அப்படியிருந்தும், பல் பிடுங்க வந்தவரை வேறிடம் போகச் சொல்பவர்களும், கோப்பின் மேலட்டையில் அடையாளம் போட்டு வைப்பவர்களும் நம் தொழிலில் இருக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்றஞ்சி, வீட்டருகிலுள்ள கிளினிக்கை விட்டுத் தொலைதூரம் போவதை நான் பார்த்திருக்கிறேன். அமைச்சின் சுற்றறிக்கையைவிட, சக மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லும் கண்டிப்பு இதில் அதிகம் பலிக்கும்; ஆகவே இதைக் கையிலெடுக்க வேண்டியது சங்கம்தான்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களையும் தாதியரையும் கேட்டுக்கொள்கிறேன்: சங்கத்தில் உறுப்பினராகுங்கள். அதன் பயிற்சி வகுப்புகள் பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடாமல் கிள்ளானிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள தனியார் கிளினிக்குகளுக்கும் வர வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நோயாளிக்குத் தரும் விளக்கக் கையேட்டைத் தமிழிலும் எழுதித்தர உங்களில் சிலர் முன்வந்தால், அப்பணியில் என் பங்கை இன்றே ஏற்றுக்கொள்கிறேன்.